நோயும் நோய்முதலும்: லைம் நோயின் நீடித்த துன்பமும் சிகிச்சை பற்றிய வாதமும்

நோய் வேறு, நோயின் முதல் வேறு, அதனைத் தணிக்கும் வழி வேறு என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மையாகும். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரமும் இவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து துணிதலை மருத்துவனுக்கு உரிய கடனாகக் கூறுகின்றது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பகுப்பு நடைமுறையில் எத்துணை அரியது என்பதற்கு லைம் நோயின் வரலாறு ஓர் எடுத்துக்காட்டு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாக் கண்டத்தின் வட பகுதிகளிலும் காணப்படும் இந்நோய், உரிய காலத்தில் மருந்து கொடுத்தாற் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றது. ஆயினும், மருந்து உண்டு முடித்த பின்னரும் மாதக்கணக்காக, ஒரோவழி ஆண்டுக்கணக்காகத் துன்புறுவோர் உளர். அவர்தம் துன்பம் யாது, அதற்குக் காரணம் யாது, மேலும் மருந்து கொடுத்தல் தகுமோ தகாதோ என்னும் வினாக்கள் அமெரிக்க மருத்துவ உலகை இரு கட்சிகளாகப் பிரித்து, நீதித்துறையையும் சட்டமன்றங்களையும் கூடத் தம்முள் இழுத்துக்கொண்டன. அவ்வாதத்தின் வேரை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஊரும் ஒரு தாயும்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலே, கனெற்றிக்கட் ஆறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்து லைம், பழைய லைம் என்னும் சிற்றூர்கள் உள்ளன. மரங்கள் செறிந்த இவ்வூர்களுள் ஒன்றில் வாழ்ந்த பொலி மரே என்னும் பெண்மணியும் அவர்தம் கணவரும் பிள்ளைகளும் பல ஆண்டுகளாக விளங்காத நோய்களால் வருந்தினர். மூட்டுகள் வீங்கின, தோலிற் செந்நிறத் தடிப்புகள் தோன்றின, தலைவலியும் சோர்வும் விட்டுவிட்டு வந்தன. வைத்தியர் பலரிடம் சென்றும் பயன் விளையவில்லை. இஃது உடலின் நோயன்று, உள்ளத்தின் கற்பனையே எனக் கருதிய வைத்தியரும் இருந்தனர். அவ்வம்மையார் மனந்தளராது, தம் குடும்பத்தாருக்கும் அயலாருக்கும் நேர்ந்த நோய்க்குறிகளைக் குறித்துவைத்தார். 1975 ஆம் ஆண்டில் அவரும், மகளுக்கு மூட்டுவாதம் கண்ட மற்றொரு தாயாரும், ஒருவரையொருவர் சாராது, தங்கள் அயலிற் பிள்ளைகள் பலர் ஒரே வகை மூட்டுநோயால் வருந்துவதை மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவித்தனர்.

பிள்ளைப்பருவ மூட்டுவாதம் அருகியே வரும் நோய். அஃது ஒரே தெருவிற் பல வீடுகளிற் காணப்படுதல் இயல்பன்று. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் ஸ்ரியர் என்னும் இளம் வைத்தியர் இதனை ஆராய முற்பட்டார். அவரும் அவர் துணைவரும் 1977 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் 39 பிள்ளைகளும் 12 வளர்ந்தோருமாக 51 பேரின் நோய் விவரிக்கப்பட்டது. அவர்களுள் 13 பேர், மூட்டு வீங்குவதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு முன் தங்கள் தோலில் ஒரு செம்புள்ளி தோன்றி வளையமாக விரிந்ததைக் கூறினர். இச்சிறு செய்தியே பெருங் கதவொன்றைத் திறந்தது. ஏனெனில், உண்ணி கடித்த இடத்தில் இவ்வாறு விரிந்து செல்லும் செவ்வளையம் ஒன்றைச் சுவீடன் நாட்டுத் தோல்நோய் வைத்தியராகிய அர்விட் அவ்சீலியஸ் 1909 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தார். ஐரோப்பாவிலே தோல்நோய் என்றும் நரம்புநோய் என்றும் தனித்தனியாக அறியப்பட்டவை அமெரிக்காவிலே மூட்டுநோயொடு சேர்ந்து ஒரே நோயின் வெவ்வேறு முகங்களாகத் தெளிவுற்றன. அந்நோய்க்கு ஊரின் பெயரே பெயராயிற்று.

ஈண்டுக் கவனித்தற்குரியது ஒன்று. அத்தாயர் இருவரும் நோயின் காரணத்தை அறிந்தவரல்லர், அறிந்ததாகக் கூறியவருமல்லர். நோய் உண்டு, அஃது ஒருவரோடு நில்லாது பலரிடம் உள்ளது என்பதே அவர் கூற்று. அக்கூற்று முற்றும் மெய்யாயிற்று. காரணத்தைக் கண்டறிய மேலும் ஆறு ஆண்டுகள் சென்றன.

கிருமியும் உண்ணியும்

சுவிற்சர்லாந்திற் பிறந்து அமெரிக்காவிலே மொன்ரானா மாநிலத்தின் றொக்கி மலை ஆய்வுகூடத்திற் பணியாற்றிய வில்லி பேர்க்டோர்பர் என்னும் அறிஞர், 1981 ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் செல்ற்றர் தீவிலிருந்து அனுப்பப்பட்ட உண்ணிகளை வேறொரு கிருமியைத் தேடும்பொருட்டு ஆராய்ந்தார். தேடிய கிருமி அகப்படவில்லை. ஆனால், உண்ணிகளின் குடலிலே திருகுசுருள் போன்ற நீண்ட பற்றீரியாக்கள் காணப்பட்டன. ஆராயப்பட்ட உண்ணிகளுள் நூற்றுக்கு 61 இவற்றைக் கொண்டிருந்தன. லைம் நோயாளரின் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் இக்கிருமியைப் பற்றிக்கொண்டமையும் தெரியவந்தது. 1982 இல் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. 1984 இல் அக்கிருமிக்கு அவர் பெயரைத் தழுவிப் பொறேலியா பேர்க்டோர்பெரி எனப் பெயரிடப்பட்டது. மேகநோயை விளைக்கும் கிருமியும் இச்சுருளிக் கூட்டத்தைச் சேர்ந்ததே.

இக்கிருமி உண்ணியின் முட்டையோடு பிறப்பதில்லை. குடம்பிப் பருவத்திலுள்ள உண்ணி, வெண்கால் எலி முதலிய சிறு விலங்குகளின் குருதியை உண்ணும்போது கிருமியைப் பெறுகின்றது. அடுத்ததாகிய அணங்குப் பருவத்தில், கசகசா விதையளவே உள்ள அவ்வுண்ணி மனிதனைக் கடித்துக் கிருமியைச் செலுத்துகின்றது. முதிர்ந்த உண்ணி மானின் உடலிலே தங்கி இனம்பெருக்குகின்றது. மானோ உண்ணியை வளர்ப்பதன்றிக் கிருமியைப் பேணுவதில்லை. பழைய வயல்கள் கைவிடப்பட்டு மீண்டும் காடாகியமையும், மான்கள் பெருகியமையும், அக்காட்டின் ஓரங்களில் மக்கள் வீடு கட்டிக் குடியேறியமையும் நோய் பரவுதற்கு ஏதுவாயின. ஐக்கிய அமெரிக்காவில் 2010 முதல் 2018 வரையுள்ள காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் இந்நோய்க்காகச் சிகிச்சை பெற்றனர் என அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் கணித்துள்ளது.

கடிபட்டு 3 முதல் 30 நாட்களுக்குள் செவ்வளையம் தோன்றுதல் முதற்கட்டம். நோயுற்றோருள் நூற்றுக்கு எழுபது எண்பது பேருக்கே இவ்வளையம் தோன்றும். ஏனையோர் இம்முதலடையாளமின்றியே நோயுறுவர். கவனியாது விட்டால் முகவாதம், மூளையுறை அழற்சி, இதயத் துடிப்பிற் குழப்பம் ஆகியன நேரலாம். மாதங்கள் கழிந்த பின் முழங்கால் பெரிதும் வீங்கும். தொடக்கத்திலேயே அறிந்து டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தைப் பத்து நாட்கள் உட்கொண்டாற் பெரும்பாலார் குணமடைவர். இதுவரையிற் கட்சிபேதம் எதுவுமில்லை.

மருந்துக்குப் பின்னும் மாறாத துன்பம்

வாதம் தொடங்குமிடம் இதற்கு அப்பாலுள்ளது. முறையாக மருந்துண்டவர்களுள்ளும் நூற்றுக்கு ஐவர் முதல் பதின்மர் வரையானோருக்குக் களைப்பு, உடல்நோவு, நினைவுத் தடுமாற்றம் ஆகியன தொடர்ந்து இருக்கின்றன என நோய்த்தடுப்பு நிலையம் கூறுகின்றது. ஆறு மாதங்களுக்கு மேல் இவை நீடித்து வாழ்க்கையை இடர்ப்படுத்துமாயின், சிகிச்சைக்குப் பிந்திய லைம் நோய்க்குறித் தொகுதி என மருத்துவர் அதனைப் பெயரிடுவர். நோயாளரும் அவர் சார்பான வைத்தியரும் அதனை நாட்பட்ட லைம் நோய் என அழைப்பர். பெயரிலேயே வழக்கின் சாரம் அடங்கியுள்ளது. முன்னைய பெயர், தொற்று முடிந்துவிட்டது, துன்பம் எஞ்சியது என்பதைக் குறிக்கின்றது. பின்னைய பெயர், தொற்றே இன்னும் முடியவில்லை என்பதைக் குறிக்கின்றது.

இத்துன்பம் புறத்தே தோன்றாதது. கால் முறிந்தவனின் கட்டையும், காய்ச்சல் கண்டவனின் வெப்பமும் பிறருக்குத் தெரியும். இந்நோயாளியோ பார்வைக்குச் செவ்வையாயிருப்பான். ஓர் ஆசிரியர் இத்துன்பத்துக்கு ஆளானார் எனக் கொள்க. வகுப்பிலே பேசிக்கொண்டிருக்கையில் நன்கு பழகிய சொல் நாவுக்கு வராது நிற்கும். விடைத்தாள் பத்தைத் திருத்துதற்குள் கண் சோரும். இன்று தேறியவர்போல் நடமாடியவர் நாளை படுக்கையினின்று எழமாட்டார். ஒருநாட் செய்த மிகையான வேலைக்கு மூன்று நாட் சோர்வைக் கூலியாகக் கொடுக்க நேரும். உற்றார் முதலில் இரங்குவர், பின் ஐயுறுவர், ஈற்றில் அறிவுரை கூறுவர். குருதிப் பரிசோதனைகள் குறையொன்றும் காட்டாதபோது, உமக்கு நோயில்லை என வைத்தியர் கூறும் சொல், நோயினும் கொடியதாக அவரைத் தாக்கும். இந்நிலையிலே, உமக்கு நோயுண்டு, கிருமி இன்னும் உம்முடலில் உறைகின்றது, நீண்டகாலம் மருந்து கொடுத்தால் ஒழியும் என ஒருவர் கூறுவாராயின், அவர் பின்னே நோயாளி செல்லுதல் வியப்பன்று. அவர் கொடுப்பது மருந்து மாத்திரமன்று. நம்பப்படுதல் என்னும் ஆறுதலையும் கொடுக்கின்றார்.

இரு கட்சிகள்

அமெரிக்கத் தொற்றுநோயியற் சங்கம் ஒரு கட்சி. குறித்த கால அளவு மருந்துண்ட பின் உயிருள்ள கிருமி எஞ்சுகின்றது என்பதற்கு மனிதரிடத்தே போதிய சான்றில்லை என்றும், ஆகலின் நீண்டகால நுண்ணுயிர்கொல்லிச் சிகிச்சை தீங்கேயன்றி நன்மை தராது என்றும் அச்சங்கம் கூறும். 1999 இல் தோன்றிய சர்வதேச லைம் மற்றும் தொடர்புநோய்கள் சங்கம் மறுகட்சி. கிருமி தன் வடிவை மாற்றியும் இழையங்களுள் ஒளித்தும் மருந்துக்குத் தப்பவல்லது என்றும், பரிசோதனைகள் அதனைக் கண்டுகொள்ளும் திறனற்றவை என்றும், எத்துணைக் காலம் மருந்து கொடுப்பது என்பதை வைத்தியரும் நோயாளியும் கலந்து முடிவுசெய்தல் வேண்டும் என்றும் இச்சங்கம் கூறும்.

இருதிறத்தார் கூற்றையும் எளிதிற் தள்ளுதல் இயலாது. குரங்குகளிலும் எலிகளிலும் நடந்த ஆய்வுகள் சிலவற்றில், மருந்து கொடுத்த பின்னரும் கிருமியின் எச்சங்கள் காணப்பட்டன. அவ்வெச்சம் நோய்விளைக்கும் உயிர்க்கிருமியா, அன்றி இறந்த கிருமியின் சிதைவா என்பதே வினா. குருதிப் பரிசோதனையும் இவ்வினாவுக்கு விடையளிப்பதில்லை. அது கிருமியைத் தேடுவதன்று. கிருமிக்கு எதிராக உடல் ஆக்கிய பிறபொருளெதிரியைத் தேடுவது. தொற்றிய முதல் வாரங்களில் அஃது ஆக்கப்பட்டிராமையால், நோயிருந்தும் பரிசோதனை இல்லையென்று கூறலாம். நோய் தீர்ந்த பின் பல ஆண்டுகள் அது குருதியில் தங்குமாதலால், நோயில்லாதபோதும் பரிசோதனை உண்டென்று கூறலாம். போர் முடிந்த பின்னும் கலையாத படையைக் கண்டு பகைவன் இன்னும் உள்ளான் எனத் துணிதல் கூடாதவாறு போல, இப்பரிசோதனையைக் கொண்டு கிருமி உயிரோடுள்ளது எனத் துணிதல் கூடாது.

பரீட்சைகள் காட்டியவை

வாதத்தைத் தீர்க்க ஒரு வழியே இருந்தது. கிருமி உயிரோடிருந்து துன்பத்தை விளைக்கின்றதாயின், மேலும் மருந்து கொடுத்தால் துன்பம் குறைதல் வேண்டும். நோயாளரை இரு பிரிவாக்கி ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றப் பிரிவினருக்கு மருந்துபோலத் தோன்றும் போலிமருந்தும் கொடுத்து, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை வைத்தியரும் நோயாளியும் அறியாதவாறு மறைத்து, விளைவை ஒப்பிடுதலே அவ்வழி.

மார்க் கிளெம்னரும் துணைவரும் 2001 இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் முதன்மையானது. முன்னர் லைம் நோய்க்கு மருந்துண்டும் துன்பம் நீங்காத 129 பேர் அதிற் சேர்ந்தனர். ஒரு பிரிவினருக்குச் செப்ரியாக்சோன் என்னும் மருந்து 30 நாட்கள் நாளத்தின் வழியாகவும், டொக்சிசைக்கிளின் 60 நாட்கள் வாய்வழியாகவும் கொடுக்கப்பட்டன. பிறபொருளெதிரி உடையவர்களாகக் காணப்பட்டோருள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேர் தேறினர். போலிமருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேர் தேறினர். இரு பிரிவினருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லாமையால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. அவர்தம் குருதியிலும் மூளைமுண்ணாண் பாய்பொருளிலும் எடுத்த 700 க்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றிலேனும் கிருமி காணப்படவில்லை.

இவ்வாய்வைப் பற்றிப் பேசுவோர் பலர் இவ்வளவோடு நின்றுவிடுவர். ஆயின், அதே ஆய்வு மற்றுமோர் உண்மையையும் அளந்து காட்டிற்று. அந்நோயாளரின் உடல்வலுக் குறைவு, இதயம் செயலிழந்து வருவோரும் என்புமூட்டு நோயாளரும் அடையும் குறைவுக்கு ஒப்பானதாயிருந்தது. மருந்து பயன்படவில்லை என எழுதிய அதே ஆய்வாளர், துன்பம் கடுமையானது என்றும் எழுதினர். ஒரு கட்சியார் முதலுண்மையை மாத்திரம் எடுத்துக்கொண்டனர். மறுகட்சியார் இரண்டாவதை மாத்திரம் எடுத்துக்கொண்டனர். இரண்டும் ஒரே ஏட்டில் அருகருகே உள்ளன.

பின்வந்த ஆய்வுகளும் இதனைப் பெரும்பாலும் வழிமொழிந்தன. 2003 இல் 55 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், 28 நாட் செப்ரியாக்சோன் களைப்பைக் குறைத்தது. சிந்தனைத் திறனைத் திருத்தவில்லை. நாளத்திற் செருகிய குழாய் முதலியவற்றால் நேர்ந்த கேடுகளைக் கருதி ஆய்வாளர் அம்மருந்தைப் பரிந்துரைக்கவில்லை. 2008 இல் 37 பேரைக் கொண்ட ஆய்வில், பத்து வார மருந்து நினைவாற்றலைச் சிறிது உயர்த்தியது. மருந்து நின்ற சில வாரங்களில் அவ்வுயர்வு மறைந்தது. 2016 இல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்த ஆய்வு 280 பேரை உள்ளடக்கியது. அனைவருக்கும் இரு வாரம் செப்ரியாக்சோன் கொடுத்த பின், மேலும் பன்னிரு வாரம் மருந்துண்டவர்கள் போலிமருந்துண்டவர்களிலும் கூடுதலான நன்மை எதையும் பெறவில்லை.

இச்சான்றுகளை எதிர்ப்போர், ஆய்வுகள் சிறியன என்றும், 2003 ஆம் ஆண்டு ஆய்விலே களைப்புக் குறைந்தமையை மறத்தலாகாது என்றும் வாதிப்பர். அவ்வாதத்துக்கு ஓரளவு இடமுண்டு. ஆயினும், பயன் சிறிதாகவும் நிலையாததாகவும் இருக்க, கேடு பெரிதாயிருப்பின் நிறுவையின் தட்டு எப்பக்கம் தாழும் என்பது வெளிப்படை. மாதக்கணக்கில் நாளத்திற் குழாய் இருத்தல், குருதியில் நஞ்சேறுதற்கு வாயிலாகின்றது. செப்ரியாக்சோன் பித்தப்பையிற் கல் போன்ற படிவுகளை உண்டாக்கவல்லது. நாட்பட்ட லைம் நோய் எனக் கருதி அளித்த சிகிச்சையால் நேர்ந்த கடுந்தொற்றுகளையும் உயிரிழப்பையும் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் 2017 இல் வெளியிட்டது. வேறொரு தீங்கும் உண்டு. துன்பத்துக்கெல்லாம் லைம் நோயே காரணம் எனத் துணிந்தமையாற் புற்றுநோய் உடையோர் சிலரின் நோய் காலந்தாழ்த்தி அறியப்பட்டமை 2015 இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையொன்றிற் கூறப்பட்டது. தவறான நோய்முதலைப் பற்றிக்கொண்டவர் உண்மையான நோய்முதலைத் தேடுவதில்லை.

வழக்கும் சட்டமும்

அமெரிக்கத் தொற்றுநோயியற் சங்கம் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டி, நீண்டகால மருந்தை ஏற்கவில்லை. காப்புறுதி நிறுவனங்கள் பணங்கொடுக்க மறுப்பதற்கு இவ்வழிகாட்டி கருவியாகின்றது என நோயாளர் முறையிட்டனர். கனெற்றிக்கட் மாநிலச் சட்டமா அதிபராக அப்போதிருந்த றிச்சட் புளூமென்தால், வழிகாட்டியை ஆக்கிய குழுவினரின் பொருட்டொடர்புகள் பற்றி விசாரணை தொடங்கினார். 2008 இல் உடன்பாடு ஏற்பட்டு, வழிகாட்டியை மீள்நோக்குவதற்குப் புதிய குழு அமைக்கப்பட்டது. அக்குழு இருதிறத்தார் கூற்றையும் 2009 இற் பொதுவிற் கேட்டு, வழிகாட்டியின் பரிந்துரைகள் மருத்துவ நோக்கில் ஏற்புடையனவே என 2010 இல் முடிவு கூறியது. அதே 2009 இல், நீண்டகால மருந்து கொடுக்கும் வைத்தியரை அதன் காரணமாக மாத்திரம் தண்டிக்கலாகாது எனக் கனெற்றிக்கட் சட்டமன்றம் சட்டமியற்றியது.

மருத்துவ உண்மையை வாக்கெடுப்பினால் நிறுவ முடியாது. ஆயின், மக்கள் சட்டமன்றத்தை நாடியது எதனால் என வினவுதல் தகும். வைத்தியசாலையிற் செவிசாய்க்கப்படாத குரலே மன்றத்தை நாடியது. வழிகாட்டியை ஆக்கியோர் மருந்து பற்றிய வினாவுக்குச் சரியான விடையைக் கூறினர். மருந்தின்றி அந்நோயாளர் யாது செய்வது என்னும் வினாவுக்கு அவர் கூறிய விடை மிகச் சிறிது. அவ்வெற்றிடத்தைப் பிறர் நிரப்பினர்.

எஞ்சிய வினா

உயிர்க்கிருமி காரணமன்றாயின் வேறு யாது காரணம்? இவ்வினா இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது. மூட்டுநோயைப் பொறுத்தவரை ஓரளவு தெளிவு பிறந்துள்ளது. கிருமி ஒழிந்த பின்னும் முழங்கால் வீக்கம் தீராத சிலரிடம், நிர்ப்பீடனத் தொகுதி தன் போரை நிறுத்தாது சொந்த இழையங்களையே தாக்குகின்றது. கிருமியின் சுவர்ப்பொருளாகிய பெப்ரிடோகிளைக்கன், நோயாளரின் மூட்டுநீரிலே மருந்துக்குப் பின்னரும் தங்கி அழற்சியைத் தூண்டுவதை 2019 இல் ஆய்வாளர் காட்டினர். தீ அவிந்த பின்னும் புகை கண்ணைக் கரிக்குமாறு போன்றதிது. அந்நிலையிற் கிருமிகொல்லியை மேன்மேலும் கொடுப்பதை விடுத்து, அழற்சியை அடக்கும் மருந்தைக் கொடுத்தலே முறையாகின்றது. களைப்பும் நினைவுத் தடுமாற்றமும் உடையோரின் மூளையில் அழற்சியின் அறிகுறிகள் காணப்பட்டமையை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்டனர். உள்ளத்தின் கற்பனை என ஒதுக்கப்பட்டவை உடலிலே தடம் பதித்துள்ளமைக்கு இவை சான்றாகும்.

இன்றைய நிலையில் நோயாளருக்குச் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, வேறு நோய் உண்டா என முறையாக ஆராய்தல். இரண்டாவது, மூட்டுவீக்கம் முதலிய புறச்சான்று எஞ்சியிருப்பின் அதற்குரிய சிகிச்சையை அளித்தல். மூன்றாவது, உறக்கம், நோவு, மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே தணித்தல். நான்காவது, உடல்வலுவை அறிந்து செலவிடப் பழக்குதல். சிறு வருவாயுடையவன் திங்கள் முழுதும் குடும்பம் நடத்துமாறு போல, நாளின் வலுவைப் பகுத்து, வேலைக்கும் ஓய்வுக்கும் அளவு வகுத்துக்கொண்டோர் மெல்ல மெல்லத் தேறுகின்றனர். பெரும்பாலாரின் துன்பம் காலப்போக்கிற் குறைந்து செல்கின்றது என்பதும் அவருக்கு எடுத்துச் சொல்லத்தக்கதே.

இப்பாடம் ஒரு நோய்க்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று. 2006 ஆம் ஆண்டில் இலங்கையிற் சிக்குன்குனியா பரவிய காலத்தை நினைவிற் கொண்டோர், காய்ச்சல் சில நாளில் நீங்கியும் மூட்டுநோவு மாதக்கணக்காக நீங்காது நின்றமையை அறிவர். 2020 முதற் கொவிட் நோய் உலகெங்கும் பரவியபோது, தொற்று நீங்கியும் களைப்பு நீங்காதோரின் தொகை பெருகிற்று. அதன் பின்னரே, தொற்றுக்குப் பிந்திய துன்பம் என்பது ஆராய்ச்சிக்குரிய தனிப்பொருள் எனும் எண்ணம் மருத்துவ உலகில் வலுப்பெற்றது. லைம் நோயாளர் பல்லாண்டுகளாகக் கூறிவந்ததும் அதுவே.

முடிவாகக் கூறுமிடத்து, இவ்வாதத்திற் கலந்து குழம்பியவை இரு வினாக்கள். நோயாளி துன்புறுகின்றானா என்பது ஒன்று. உயிர்க்கிருமி அத்துன்பத்துக்குக் காரணமா என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆம் என்பது விடை. பின்னதற்கு, இதுவரை கிடைத்த சான்றுகளின்படி, அன்று என்பதே விடை. பின்னதை மறுப்போர் முன்னதையும் மறுத்தல் வேண்டுமென்பதில்லை. முன்னதை நிலைநாட்டுவோர் பின்னதையும் நிலைநாட்டுதல் வேண்டுமென்பதில்லை. நோய் உண்டு என்பதற்கு நோயாளியின் சொல் தக்க சான்று. நோய்முதல் இது என்பதற்கு ஆய்வே சான்று. 1975 இல், கையிற் குறிப்புகளோடு வந்த ஒரு தாயின் சொல்லை மதித்துக் கேட்டவர், காரணத்தை அவரிடம் வினவாது காட்டிலும் ஆய்வுகூடத்திலும் தேடினர். லைம் நோய் கண்டறியப்பட்ட முறை அதுவே. அந்நோயின் எஞ்சிய துன்பத்துக்கு மருந்து காணும் முறையும் அதுவாகவே இருத்தல் கூடும்.